உள்ளூர்க்காரி

நெய்மோனுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை வந்தபோது வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்டேலில் இருக்கும் எங்கள் மார்ஷல் தீவு ஜனங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்காததற்குக் காரணம் அவர்கள் காதுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை என்பதுதான்.

சிரிக்கவும் முகாந்திரம் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போனது பசிபிக் கடலில் எங்கள் எபோன் தீவில் எட்டாவது வரை, பிறகு தலைநகர் மஜுரோவில் கொஞ்சம். பத்தொன்பது வயதில் அம்மா லிபோனோடு விமானம் ஏறி அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து ஸ்பிரிங்டேலுக்கு வந்தாள். வந்த வாரமே கோழித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் கத்தியோடு நிற்க வைத்துவிட்டார்கள். இவளுக்கு இரண்டு ஆள் தள்ளி அம்மா. குளிர் எலும்பு வரை போகும் அந்தக் கூடத்தில் இருபது வருஷம் நின்றாயிற்று. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் விரல்கள் மடங்கியே இருக்கும். சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்திக்கொள்வாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை ஓக்லஹோமாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அந்த மனுஷனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, சொல்லவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போயிற்று. எங்கள் ஜனங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு இது உண்டு. மீனும் ஈரப்பலாவும் தின்ற உடம்பு, டப்பாக் கறியும் வெள்ளைச் சோறும் தாங்கவில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் லிபோனை டயாலிசிஸ் நிலையத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நெய்மோன் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டு, பகலில் தூக்கக் கலக்கத்தோடு அம்மாவைக் கூட்டிப்போவாள்.

எங்கள் ஆட்கள் ஆமாம் என்பதற்கு வாய் திறப்பதில்லை. புருவத்தை லேசாகத் தூக்குவோம், அவ்வளவுதான். தூக்கினது தெரியாத அளவுக்குச் சின்னதாய்த் தூக்குவதுதான் மரியாதை. பெரியவர்கள் அதிலேயே கோபம், சம்மதம், போதும் போ எல்லாவற்றையும் காட்டுவார்கள். டயாலிசிஸ் நிலையத்து நர்ஸுகள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஒருநாள் தொழிற்சாலையில் நெய்மோனைப் பகலிலும் நிறுத்திக்கொண்டார்கள். அம்மா தனியாகப் போனாள். ஊசி நரம்பிலிருந்து நழுவிக் கையெல்லாம் வீங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறாள், லிபோன் புருவத்தைத் தூக்கியிருக்கிறாள், அவளும் சரி, ஒன்றும் இல்லை போல என்று போய்விட்டாள். மாலையில் முழங்கை வரை நீலம் பாரித்த கையோடு அம்மா வந்து நின்றாள்.

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதாம்மா?"

"கேட்டா, சொன்னேன். அவளுக்குக் கண்ணு தெரியலேன்னா நான் என்ன பண்றது?"

அன்றைக்கு நெய்மோனுக்கு அழுகைதான் வந்தது. அந்தக் கட்டடத்தில் இத்தனை நர்ஸுகள் நடமாடுகிறார்கள், படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள், ஆனால் புருவத்தைப் பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தி இல்லை. ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி தானாகவே இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றினதை அவள் யாரிடமும் சொல்லாமல் சர்ச் கூடத்தில் மாலை வகுப்புக்குப் போய், பள்ளியிறுதிக்குச் சமமான பரீட்சையை எழுதினாள். முதல் தடவை கணக்கில் தோற்றாள். மறுபடி எழுதித் தேறினாள். தேறின பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள்.

லிபோன் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "நர்ஸானா எனக்கு ஊசி போடுவியா?"

"மொத ஊசியே உனக்குத்தான்."

"அப்ப வேண்டாம். நீ கோழியே வெட்டு."

சொல்லிவிட்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, என் மகள் நர்ஸுக்குப் படிக்கப் போகிறாள், ஜெபம் பண்ணுங்கள் என்று அறிவித்ததும் அதே அம்மாதான். அதற்கப்புறம்தான் ஊர் சிரித்தது.

படிக்கப் போவது அவ்வளவு சுலபமாக இல்லை. எங்கள் தீவுகள் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி எங்களுக்கு விசா வேண்டாம், அமெரிக்காவில் எங்கும் போகலாம், எந்த வேலையும் செய்யலாம், எல்லாரையும் போல வரியும் கட்டலாம். குடிமக்கள் மட்டும் கிடையாது. ஆகவே கல்லூரி வாசலில் நாங்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுகிற கட்டணத்தைப் போலப் பல மடங்கு எங்களுக்கு. கோழி வெட்டுகிறவள் அதைக் கட்ட வேண்டும் என்றால் இன்னொரு ஆயுள் கேட்டு வாங்கி வரவேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் மாநிலத்துப் பெரியவர்கள் மனம் இரங்கினார்கள். தீவுக்காரர்களுக்கும் உள்ளூர்க் கட்டணம் என்று விதியை விரித்தார்கள். அன்பினால் வந்த மாற்றம் என்று யாரும் கண் கலங்கிவிட வேண்டாம். ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் இல்லை, இருக்கிற நர்ஸுகளும் வேறு மாநிலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஊன்றி உழைக்கிற ஜனங்கள் யார் என்று சுற்றிப் பார்த்தவர்கள் கண்ணில் கடைசியாக நாங்கள் பட்டோம். எப்படியோ, பட்டோமே!

சேதியைக் கொண்டுவந்தவன் அன்ஜோஜோ. நெய்மோனின் சித்தி மகன். எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்த தம்பி மாதிரிதான். எங்கள் ஜனங்களுக்காக அலுவலகங்களுக்கு அலைவதே அவனுக்கு வேலை. அலைந்து அலைந்து வெள்ளைக்காரர்கள் எந்தக் கேள்விக்கு என்ன பதிலை விரும்புவார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி ஆகியிருந்தது.

"அக்கா, ரெண்டே விஷயம்தான். எத்தனை காலமா இங்க இருக்கேன்னு கேப்பாங்க. அது உனக்குப் பிரச்சனையே இல்ல. அப்புறம், இனிமே இங்கயேதான் நிரந்தரமா இருக்கப் போறியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும். சத்தமா. புருவத்த ஆட்டிக்கிட்டு நிக்காத."

"நிரந்தரமான்னா?"

"சாகற வரைக்கும்."

"அதெப்படி இப்பவே சொல்றது?"

"வாயால சொல்றது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உன் மனசத் தொறந்து பாக்க அவங்ககிட்ட மெஷின் இல்ல."

நெய்மோன் சரி என்றாள். அன்ஜோஜோ சொன்னதை வண்டியில், குளியலறையில், கோழி வரிசையில் எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இங்கேயேதான் இருப்பேன். சாகும் வரை. ஆங்கிலத்தில் அது சுலபமாகத்தான் வந்தது.

ஆனால் அவள் ஒரு தப்புச் செய்தாள். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய காரியத்துக்கு ஒருத்தி தனியாகப் போய் நிற்பது எங்களிடம் வழக்கமில்லை. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு பெண் போய்க் கேட்டால், இவளுக்கு ஆள் யாரும் இல்லையா என்றுதான் நினைப்போம். லிபோனும் விடுகிற வழியாக இல்லை. பூப்போட்ட நீண்ட கவுனைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையில் சோழிமாலை வைத்துக்கொண்டு, அதிகாரிக்குக் கொடுக்கத் தாழை ஓலையில் பின்னிய விசிறி ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, அதைக் குடுத்தா லஞ்சம்னு நெனப்பாங்க," என்றான் அன்ஜோஜோ.

"வெறுங்கையோட போனா காட்டான்னு நெனப்பாங்க. நீ வண்டியில ஏறு."

கல்லூரியில் அவர்களை உட்கார வைத்துப் பேசியவள் டோனா என்ற வயதான வெள்ளைக்காரி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். விசிறியை வாங்கித் தன் முகத்துக்கு வீசிப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று நாலு தரம் சொன்னாள். காரியம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. எவ்வளவு காலம் இந்த ஊரில், எங்கே வேலை, வரி கட்டுகிறாயா, எல்லாவற்றுக்கும் நெய்மோன் வாய் திறந்து சத்தமாகப் பதில் சொன்னாள். அன்ஜோஜோ பின்னால் உட்கார்ந்து திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் டோனா. "இனிமேலும் ஆர்க்கன்சாஸ்லயேதான் இருக்கப் போறீங்களா? உங்க வீடுன்னா இதுதானா? திரும்பிப் போற எண்ணம் ஒண்ணும் இல்லையே?"

லிபோனுக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இருபது வருஷம் தொழிற்சாலையில் நின்றவளுக்கு வீடு, போ, இரு என்பது கூடவா தெரியாமல் போகும்? அம்மா மகளைப் பார்க்கவில்லை. கையை மடியில் வைத்து, மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எபோனில் எங்கள் நிலம் எல்லாம் நீளத்துண்டு. தீவு வளையத்துக்குள் இருக்கும் உள்கடலில் தொடங்கித் தீவின் குறுக்கே ஓடி வெளிக்கடலில் முடியும். அது தாய் வழியாக மகளுக்கு வரும். லிபோனின் துண்டு மூத்த மகள் நெய்மோனுக்கு. அவள் அங்கே ஒரு தென்னையை வெட்டியிராவிட்டாலும், மழைநீர்த் தொட்டியில் ஒரு வாளி மொண்டிராவிட்டாலும் அது அவளுடையதுதான். அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. அவளாக வாய் திறந்து நான் இனி வரமாட்டேன் என்று சொன்னால் மட்டும்தான் போகும். அதுவும் பெற்றவள் காது கேட்கச் சொன்னால் முடிந்தது. அப்படிச் சொன்னவர்களைப் பற்றி எங்கள் ஜனங்கள் தணிந்த குரலில் பேசுவார்கள், செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இது போக, ஒவ்வொரு முறை டயாலிசிஸ் முடிந்து வண்டியில் ஏறும்போதும் லிபோன் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். என்னை இந்த ஊர் மண்ணில் போட்டுவிடாதே, என் அம்மா பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்க வை, நீயும் ஒருநாள் என் பக்கத்தில் வந்து படு. ஒவ்வொரு முறையும் நெய்மோன் புருவத்தைத் தூக்குவாள்.

நெய்மோன் அம்மாவின் மடியைப் பார்த்தாள். பின்னால் அன்ஜோஜோ செருமினான். இன்னொரு தரம் பலமாகச் செருமினான்.

"இருக்குங்க," என்றாள் நெய்மோன். "அம்மாவக் கூட்டிக்கிட்டு எபோனுக்குத் திரும்பிப் போயிடுவேன். என் வீடு அங்கதான்."

டோனாவின் பேனா நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "கண்ணு, நான் கேட்டது உங்களுக்குச் சரியாப் புரிஞ்சுதா? வேணும்னா இன்னொரு தடவை கேக்கறேன். நிதானமா யோசிச்சு…"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

அந்த அம்மாளுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. திரும்பிப் போகிறவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கொடுக்க விதி இடம் தராது, அடுத்த வருஷம் எண்ணம் மாறினால் கட்டாயம் வாருங்கள் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அன்ஜோஜோ தலையில் அடித்துக்கொண்டான். "வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! அந்தக் கிழவி ரெண்டாந்தரம் கேக்கறா, அப்பவும் சொல்றே, புரிஞ்சுதாம்! இனி நீ கோழிக்குத்தான் ஊசி போடணும்!"

 நெய்மோன் அம்மாவை முன்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். அன்ஜோஜோவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், சாலை விளக்கில் வண்டி நின்றபோது, லிபோன் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"வேற என்னம்மா சொல்றது?"

"பொய் சொல்லியிருக்கலாமில்ல. நான்தான் காது கேக்காத மாதிரி மடியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே."

 பச்சை விளக்கு விழுந்ததும் நெய்மோனுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரன் ஒலி எழுப்பிய பிறகுதான் கிளப்பினாள். அம்மா அவள் தோளில் கையை வைத்து, "அடுத்த வருஷம் என்னை வீட்டுல விட்டுட்டுப் போ. நீ என்ன சொன்னேன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் எங்கிட்டச் சொல்லாத," என்றாள். அது அவர்களுக்குள் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க லிபோன் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நர்ஸுகள் போடுகிற மாதிரி நீலச் சட்டை ஒன்றை மகளுக்குத் தானே தைக்கிறேன் என்று துணி வேறு வாங்கி வைத்தாள்.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது.

ஊர் முழுக்கக் கடைகளை அடைத்தார்கள், பள்ளிக்கூடங்களை அடைத்தார்கள். கோழித் தொழிற்சாலையை மட்டும் அடைக்கவில்லை. நாட்டுக்குக் கறி வேண்டுமாம். தோளோடு தோள் இடிக்க நின்றோம், முகமூடி கூட முதலில் தரவில்லை. எங்கள் வீடுகளில் ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுப்போம், ஒரே தட்டில் சாப்பிடுவோம், யாருக்கேனும் காய்ச்சல் என்றால் ஊரே போய்க் கட்டிலைச் சுற்றி உட்காரும். பிறகு என்ன ஆகும்? அந்தக் கோடையில் ஸ்பிரிங்டேலில் எங்கள் ஜனங்கள் செத்தது போல எந்த ஜனமும் சாகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நெய்மோனுக்கு முதலில் இருமல் வந்தது. அவளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது லிபோன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள், பிடிக்க விடவில்லை. உள்ளே ஒருவரையும் அனுமதிக்கவில்லை. நெய்மோன் ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். சின்னப் பெண்ணின் குரல், களைத்துப் போயிருந்தது.

"உங்க அம்மா ரொம்ப அமைதியா இருக்காங்க. வலிக்குதான்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. பயமா இருக்கான்னு கேட்டேன், அதுக்கும் பேசல. மககிட்டப் பேசறீங்களா, போன் கொண்டு வரட்டுமான்னு காலையிலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டேன். பதிலே இல்ல. சரி, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

நெய்மோன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புருவத்தத் தூக்கினாங்களா?"

"என்னது?"

"நீங்க கேக்கும்போது எங்க அம்மா புருவத்தத் தூக்கினாங்களா?"

அந்தப் பெண் யோசித்தாள். "ஆமா. எதைக் கேட்டாலும் அதையேதான் பண்றாங்க."

"அதுதாங்க பதில்! எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லியிருக்காங்க. வலிக்குது. பயமா இருக்கு. போன் வேணும். கொண்டு போங்க, தயவு பண்ணிச் சீக்கிரம் கொண்டு போங்க!"

அவள் ஓடினாள். ஓடுகிற சத்தம் கேட்டது. ஆனால் அதற்குள் லிபோன் நினைவிழந்துவிட்டாள்; குழாய் செருகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தொலைபேசியைக் காதருகே பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்குதாம்மா, நான் வாசல்லதான் இருக்கேன்ம்மா, உன்னை எபோனுக்குக் கூட்டிட்டுப் போறேன்ம்மா என்று நெய்மோன் வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். எதற்கும் புருவம் அசையவில்லை என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். அவளைத் திட்ட நெய்மோனுக்கு மனம் வரவில்லை. அவளும் பாவம், யார் பெற்ற பிள்ளையோ. இரண்டு நாள் கழித்து லிபோன் போய்ச் சேர்ந்தாள்.

மற்ற காலமாக இருந்தால் நாங்கள் கூடி, பாடி, சவப்பெட்டியை விமானத்தில் ஏற்றி, ஒரு கூட்டமே கூடப் போய் எபோனில் இறக்கியிருப்போம். அந்த வருஷம் மார்ஷல் தீவுகள் கதவைச் சாத்திக்கொண்டன. நோய் உள்ளே வந்தால் ஊரே அழியும் என்ற பயம். தப்புச் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர்களுக்கும் இடமில்லை, செத்தவர்களுக்கும் இடமில்லை. லிபோனின் உடம்பு சவ அடக்க நிலையத்தின் குளிரறையில் காத்திருந்தது, இன்னும் பலர் உடம்புகளோடு. நெய்மோன் இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில் அந்தக் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள். வாழ்நாளில் பாதியைக் குளிரில் நின்று கழித்தவள், செத்த பிறகும் குளிரிலேயே கிடக்கிறாளே என்று அவளுக்கு ஆறவில்லை.

இலை உதிர்ந்தது. எல்லை திறக்கவில்லை. இனி வைத்திருக்க முடியாது அம்மா என்று அந்த நிலையத்துக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். ஆகவே ஒரு பனிக்காலக் காலையில், ஊருக்கு வெளியே புல்வெளி இடுகாட்டில், சிவப்புக் களிமண்ணைத் தோண்டி லிபோனைப் புதைத்தார்கள். தள்ளித் தள்ளி நின்று பாடினோம். முகமூடிக்குள் பாட்டு எங்கே எடுபடும்? எபோனில் இருக்கும் அம்மாவின் தம்பி லோமெட்டோவுக்கு நெய்மோன் தொலைபேசியில் சொன்னாள். "கொஞ்ச காலத்துக்குத்தான் மாமா. எல்லை தொறந்ததும் எடுத்துக்கிட்டு வந்துடறேன்." லோமெட்டோ, "சரிம்மா, சரிம்மா," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கோடையில் அன்ஜோஜோ வந்தான். அவனும் இளைத்துப் போயிருந்தான். அவன் வீட்டிலும் இரண்டு சாவு. முன்பு மாதிரி கேலி பேசவில்லை. "அக்கா, கல்லூரியில சேக்கறாங்க. போவோமா? நர்ஸ் வேணும்னு இப்ப எல்லாரும் பறக்கறாங்க," என்றான். "நான் தனியாப் போறேன்டா," என்றாள் நெய்மோன்.

டோனாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அம்மா சௌக்கியமா என்று கேட்கப் போனவள், நெய்மோனின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பழைய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து, கடைசிக் கேள்விக்கு வரும்போது தயங்கினாள்.

"நிரந்தரமா இங்கதான் இருப்பீங்களா, நெய்மோன்?"

இந்தத் தடவை பக்கத்து நாற்காலி காலி. என்ன சொன்னாலும் கேட்க ஆளில்லை. பொய் சொல்லிவிட்டுப் போ என்று அம்மாவே அனுமதி கொடுத்திருக்கிறாள். ஆனால் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் நெய்மோனுக்கு உறைத்தது. களிமண்ணைத் தோண்டி யார் எடுத்துக் கொடுக்கப் போகிறார்கள்? எந்த விமானத்தில் ஏற்றுவது? கொஞ்ச காலத்துக்குத்தான் என்று மாமாவிடம் சொன்னதுதான் பொய். பெற்றவள் எங்கே கிடக்கிறாளோ அங்கேதான் மகளும் கிடக்க வேண்டும், அதுதானே வாக்கு.

"ஆமாங்க," என்றாள் சத்தமாக. "எங்க அம்மா இங்கதான் இருக்காங்க. இனி நான் எங்கயும் போக மாட்டேன்."

டோனா எழுதிக்கொண்டாள். எழுந்து வந்து இரண்டு கையாலும் நெய்மோனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்ப நீங்க உள்ளூர்க்காரி ஆயிட்டீங்க. ஆகஸ்டுல வகுப்பு," என்றாள். மனசார வாழ்த்தினாள், பாவம். நெய்மோன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அன்று சாயங்காலமே லோமெட்டோ மாமாவைக் கூப்பிட்டாள். அங்கே மறுநாள் பகல். தொலைபேசிக் கோபுரத்தடியில் யாரோ கோழிகளை விரட்டுகிற சத்தம் கேட்டது. அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அதிகாரி கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், அம்மாவை இனி எடுத்துவர முடியாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நிலம் போனது பற்றி மாமா கேட்பார், கோபிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"பிள்ளைங்க எல்லாம் கல்லு பொறுக்கி வெச்சிருக்குங்கம்மா," என்றார். "அக்கா செத்த சேதி வந்த நாள்லேர்ந்து வெளிக்கடல் பக்கம் போய்ப் பொறுக்குதுங்க. சின்னச் சின்ன வெள்ளைப் பவளக்கல்லு. சமாதி மேல பரப்பறதுக்கு. கழுவிக் காயவெச்சு, எங்கம்மா சமாதி பக்கத்துல குவிச்சு வெச்சிருக்கோம். என் இடுப்பு ஒசரம் இருக்கு."

நெய்மோன் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கப்பல் வந்தா மூட்டை கட்டிப் போட்டு அனுப்பட்டுமா? அங்க வந்து சேருமில்ல?"

"இங்க கல்லு போட விட மாட்டாங்க மாமா. புல்லு வெட்டற மெஷின் ஓடணுமாம். எல்லாச் சமாதியும் புல்லுதான்."

  

"அப்ப எங்கக்கா வெறும் மண்ணுலயா கெடக்கா?" என்று கேட்டார் லோமெட்டோ.

"ஆமா மாமா," என்றாள்.